பன்னிரண்டு சொல்

மல்லாவிச் சந்தைக்குப் பின்னால்
உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில்
என்னுடைய கொமினிகேசன்.
ரீலோட், போட்டோக்கொப்பி, லெமினேற்றிங்.
இப்போது இதுவும்.
பெயர்ப்பலகையில் இதற்கு இன்னும் இடம் விடவில்லை.
"காசு வந்திட்டுதாம், காணேல்லை" என்று வருகிறவர்கள்
பலகை பார்த்து வருவதில்லை.

வெட்டுமெசின் கனகசூரியர் போன கிழமை வந்தார்.
வொலட் சுத்துது, சுத்திக்கொண்டே நிக்குது,
காசைத் தின்னுது போல என்றார்.
தின்னேல்லை அண்ணை, சிக்னல் இல்லை.
மூன்று மணிக்குப் பிறகு எங்கள் டவர்
பாலியாற்றுப் பக்கம் முகம் திருப்பிவிடும்.
வவுனிக்குளக் கட்டில ஏறி நிண்டு பாருங்கோ.
ஏறினார். வந்தது.
அவர் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பினவாம்.

கஜமுகனுக்கு அப்படி நடக்கவில்லை.
ஒரு நெட்வேர்க்கில் போகவேண்டியதை
இன்னொன்றில் அனுப்பியிருந்தான்.
வவுனியா பஸ்ஸில ஏத்தின சாமானுக்கு
கிளிநொச்சியில காத்து நிக்கிறாய் தம்பி.
"எப்ப அண்ணை வரும்?"
எனக்குப் பொய் சொல்லத் தெரியும்.
சொல்லவில்லை.

சுவரில் நானே எழுதி ஒட்டியது:
பன்னிரண்டு சொல்லையும் ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ.
எனக்கும்.

பத்மலோஜினி
கார்மெண்ட்ஸ் இரவு வேலை முடித்து நேரே வந்தாள்.
பழைய போன் வயல் வாய்க்காலுக்குள் போய்விட்டது.
புதுப் போன் சொற்களைக் கேட்கிறது.
லூசேர்னில் இருக்கிற தம்பி
அன்றைக்கு வீடியோவில் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல
கலண்டர்த் தாளின் பின்பக்கம்
தமிழில் எழுதி வைத்திருக்கிறாள்.
அவனிடம் பிரதி இல்லை.
வைத்திருக்கக் கூடாது என்பதும் அவன் சொன்னதுதான்.

தாளை என் பக்கம் திருப்பினாள்.
நான் சுவரைக் காட்டினேன்.
வாசித்துவிட்டுச் சிரித்தாள்:
"அப்ப ஆரிட்டப் போறது?"

சுவரில் அதற்கு மறுமொழி இல்லை.

ஐந்தாவது, பல்ப்.
ஒன்பதாவது, ட்ரை.
எங்கள் எழுத்துக்கு ஒரே உடம்பில் இரண்டு குரல்.
எரிகிற பல்ப்பா, பழத்தின் சதையா?
காய்ந்ததா, முயன்று பார்ப்பதா?
நாலு வழி.
விளக்கும் காய்ந்ததும்: பிழை.
சதையும் காய்ந்ததும்: பிழை.
சதையும் முயற்சியும்: பிழை.
மிச்சம் ஒன்று.
அழுத்தினேன். சுற்றத் தொடங்கியது.
மூன்று மணி தாண்டியிருந்தது.
சலூன் வாசலில் போனை வானத்துக்கு நீட்டிக்கொண்டு
இரண்டு பேரும் நின்றோம்.
கத்தரிக்கோலோடு வெளியே வந்து
ராசநாயகமும் அண்ணாந்து பார்த்தான்.

திறந்தது.
நானூற்றுப் பதினொரு டொலர்.
"கிணத்து மோட்டருக்கு" என்றாள்,
வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு பாயில் கிடக்க
முதலாவது சொல் வந்தது.
பிறகு இரண்டாவது.
வாய்ப்பாடு மாதிரி, ஒழுங்கு பிசகாமல்,
பன்னிரண்டும்.
ஒன்றையும் நான் கூப்பிடவில்லை.
கடை வாடகை இரண்டு மாதம் நிலுவை.
அதையும் நான் கூப்பிடவில்லை.

விடிய அவளுக்கு எடுத்தேன்.
வாங்கோ, புது வொலட் ஒண்டு திறப்பம்,
பழையதில கிடக்கிற எல்லாத்தையும் அதுக்கு மாத்துவம்.
"ஏன், என்ன பிழை?"
எனக்கு உங்கட சொல் மறக்குதில்லை.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மோட்டார் சைக்கிள்கள் போகிற சத்தம் மட்டும்.

மகளின் நாலுகோட்டுக் கொப்பியோடு வந்தாள்.
இந்த முறை ஆங்கில எழுத்தில்,
திரையில் கிடக்கிறபடியே, கீறிக் கீறி.
பல்ப் இனி ஒரே பல்ப்தான்.
நான் எழும்பிப் போய்
சலூன் கதிரையில் இருந்தேன்.
முடி வெட்டிப் பத்து நாள்கூட ஆகவில்லை.
ராசநாயகம் ஒன்றும் கேட்காமல் துணியைப் போர்த்தினான்.

எதிர்க் கண்ணாடியில் என் கடை தெரிந்தது,
குனிந்த தலை, பேனை,
விரித்த கொப்பி.

கதிரையை மற்றப் பக்கம் திருப்பச் சொன்னேன்.