தோன்றா எழுவாய்

பெருங்குடி ரயிலடிக்குப் பின்னால், மூன்றாம் மாடி.
ஏசி நின்றுபோய்
குப்பை எரியும் வாடை ஜன்னலிடுக்கில் நுழைகிற
இரவு பதினொன்று.
கறுப்புத் திரையில் தட்டினேன்:
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைசன்.

பைசன் என்றால் காட்டெருமை.
கூப்பிட்டதும் வந்தது, தனியாக அல்ல.
எம்-ஃபோர் என்றொரு துணையாளையும் கூட்டி வந்தது,
பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு
ஒன்றுவிட்ட மச்சானை இழுத்து வருவதுபோல.
இவ்வளவு இடம் பிடிக்கும், தொடரவா என்றது.
ஒய்.

வேலை இதுதான்:
குடிநீர்ப் புகார் எண்ணில் சென்னை பேசுகிற பேச்சு
எழுத்தாகி என்னிடம் வரும்.
எழுவாய், பயனிலை என்று அதை அறுத்து
எந்தப் பிரிவு, எந்த வார்டு, எத்தனை அவசரம் என்று
பெட்டி பெட்டியாகப் போட வேண்டும்.
இலக்கணத்தை நான் எழுதினால் போதும்,
அறுக்கும் கத்தியை அதுவே வடித்துத் தரும்.

முதல் நாள் ஒழுங்காய்த்தான் மேய்ந்தது.
'அஞ்சாவது தெருவுல பைப்பு உடைஞ்சிருக்கு.'
தின்றது.
'லாரி வந்து பாதி தெருவுக்கு ஊத்திட்டுப் போயிட்டான்.'
வந்தது அஃறிணை, போனவன் உயர்திணை.
முறைத்தது. ஒரு விதி சேர்த்தேன். தின்றது.
'நேத்து தண்ணி வராத வீட்டம்மா வந்து கத்துனாங்க.'
நேற்று வராததா, நேற்றுக் கத்தியதா?
பதினேழு முரண்கள் என்று எண்ணிச் சொன்னது.
எண்ணத் தெரிகிறது, தீர்க்கத் தெரியாதா என்று
திரையைப் பார்த்தே கேட்டுவிட்டேன்.

அப்புறம்தான்
ராயபுரம் அமலோற்பவத்தின் புகார்.
'இன்னிக்கும் வரல.'

அவ்வளவுதான்.
முதல் வரியிலேயே எதிர்பாராத முடிவு என்று
நின்றுவிட்டது எருமை.
மறுநாளும் அதே புகார், அதே பிழை.
பதினோரு நாள்.
இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்த
தோன்றா எழுவாய் நினைவுக்கு வர
விதி ஒன்று எழுதினேன்:
எங்கே எழுவாய் இல்லையோ அங்கே தண்ணீர்.
இந்த ஊரில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

வெள்ளிக்கிழமை மகிமைதாஸ் வந்து
'இதெல்லாம் வேணாம் நஸ்ரீன்,
மாச வாடகைக்கு ஒண்ணு எடுத்தாச்சு' என்றார்.
சூடோ ஆப்ட் பர்ஜ் பைசன்.
ரிமூவ் என்றால் கொஞ்சம் மிச்சம் வைக்கும்,
பர்ஜ் என்றால் அடிவேரோடு.
ஒரு கொட்டாவி நேரம்கூட ஆகவில்லை.
எம்-ஃபோர் மட்டும் யாருக்கும் தேவைப்படாமல் கிடக்கிறது,
வேண்டுமானால் அப்புறப்படுத்திக்கொள்
என்று கடைசியில் ஒரு வரி.

கை பழக்கத்தில் மறுபடி பைசன் என்று தட்டியது.
தெரியாது என்று சொல்லவில்லை ஷெல்.
பழைய விலாசத்துக்கே போய்க் கதவைத் தட்டிவிட்டு வந்து
அங்கே அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது.
மறக்கச் சொல்வதற்கென்று தனியாக ஒரு கட்டளை இருக்கிறது.
நான் தரவில்லை.

என் போனிலிருந்தே கூப்பிட்டேன் ராயபுரத்துக்கு.
'தண்ணியா? அது வருதும்மா, அதுக்கென்ன.
உங்க ஆளு ஒருத்தர் வந்து வாசப்படியாண்ட நோண்டுனாரு,
இன்னாத்தையோ மாட்டுனாரு, கழட்டுனாரு,
சாப்ட்டு வரேன்னு போனாரு.
இடுப்பளவு குழி அப்படியே கீது.
பலகை போட்டுத் தாண்டினுகிறோம்.'
சொல்லும்போதே யாரோ அந்தப் பலகையில்
நடக்கிற சத்தம் கேட்டது.

வரல.
தண்ணி வரல, அவர் வரல, நீ வரல, நான் வரல.
யாருக்காகவும் வால் மாற்றிக்கொள்ளாத சொல்.
படிவத்தைத் திறந்து
எழுவாய்க் கட்டத்தில் இருந்த தண்ணீரை அழித்தேன்.
கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது.
நாங்கள் என்று அடித்தேன்.

அவசரம் எவ்வளவு,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் என்றது.
இடுப்பளவு என்றேன்.
ஏற்கவில்லை.