நிமிடத்துக்குக் கால் லிட்டர்

கதவிடுக்கில் களிமண் அப்பி முடித்தபோது
மணி இரவு ஒன்பது நாற்பது.
மேலே சஸ்காட்சுவான் பனியில் விறைத்துக் கிடக்கும்.
ஆயிரம் மீட்டர் கீழே
பொட்டாஷ் உப்பின் இளஞ்சிவப்புச் சுவருக்குள்
வியர்த்தபடி ஐந்து பேர்.
வெளியே எங்கோ எரிகிறது கன்வேயர் பெல்ட்.
புகை வந்து களிமண்ணை முகர்ந்துவிட்டு நின்றது.

மார்லிஸ் டீசன் அட்டையைப் பார்த்து வாசித்தாள்:
சும்மா உட்கார்ந்திருந்தால்
ஆளுக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன்.
எழுந்து நடந்தால் மூன்று மடங்கு.
சண்டை போட்டால் எவ்வளவென்று அட்டையில் இல்லை.
அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள்,
பிறகு ஓரெஸ்டை.

வேலைநிறுத்தத்தின் எழுபத்தோராம் நாள்
வாசலில் நாங்கள் மூட்டிய தீயைத் தாண்டி
வேலைக்குள் போனவன் ஓரெஸ்ட்.
இரண்டு வருடம் எட்டு மாதம்
அவனோடு எனக்குப் பேச்சில்லை.
இப்போது ஒரே பெஞ்சு.

கால் லிட்டர்.
ஒரு காப்பிக் கோப்பை கொள்ளும்.
அதில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்காம்.
என் மூளை அதை வாங்கி
எழுபத்தோராம் நாளை மறுபடி எரித்துக்கொண்டிருந்தது.

மூச்சுக்கு முந்நூறு தரம்
மகள் பெயரைச் சொல்லும் ரோடெல்
வாயை மூடிக்கொண்டு
உப்புத் தூசியில் விரலால் எழுதினான்: அமிஹான்.
அவர்கள் ஊரில் அது வாடைக்காற்றின் பெயர்.
டெல்பர்ட் தூங்கிப்போனான்.
எங்களில் சிக்கனக்காரன் அவன்தான்,
குறட்டையைக் கழித்துவிட்டால்.

சிலிண்டர் முள் இறங்குவதைப் பார்த்தபடி
மார்லிஸ் மெல்லச் சொன்னாள்:
வெளியில் என்றால்
நூற்றுக்கு இருபத்தொன்றை இழுக்கிறோம்,
பதினாறைத் திருப்பி விடுகிறோம்.
முக்கால்வாசி
தொட்டும் பார்க்காமல் வெளியே வந்துவிடுகிறது.

அப்படியானால்
இத்தனை நேரம் நான் இழுத்துக்கொண்டிருந்தது
ஓரெஸ்டின் மிச்சம், பூண்டு நெடியோடு.
என் மிச்சம் அவன் நெஞ்சுக்குள்.
மூச்சை அடக்கிப் பார்த்தேன்.
நாற்பது நொடி.
பிறகு தோற்றவனாய்ப் பெரிதாக இழுத்தேன்,
ஐந்து பேர் கணக்கையும் கெடுத்து.
அவன் சிரிக்கவில்லை.
தண்ணீர்ப் புட்டியை என் பக்கம் தள்ளினான்.

பதினேழு மணி நேரம் கழித்து
களிமண்ணை உடைத்தார்கள். கூண்டு ஏறியது.
மைனஸ் முப்பத்தொன்று.
மூக்குமயிர் உறையும் காற்று,
யாரும் அளந்து ஊற்றாத காற்று.
ரோடெல் அந்தப் பெயரைக் கத்தினான், கத்தினான்,
இருமல் வரும்வரை.

ஓரெஸ்ட் கையுறையைக் கழற்றி
சட்டைப்பையைத் தடவினான்.
“நெருப்பு இருக்கா?”

இருந்தது.
அணைந்துவிடாமல் இருக்க
இரண்டு பேரும் குனிந்து
காற்றை மறைத்து நின்றோம்.