பூச்சிய வழு

வருட இறுதிக் கணக்கெடுப்பு.
யாழ் மருத்துவபீடத்தின் பின் அறையில்,
கால் கழன்ற எலும்புக்கூட்டுக்கும்
ஃபோர்மலின் போத்தல்களுக்கும் நடுவே
பூட்டில்லாத ஒரு லாச்சி.
உள்ளே பித்தளை இடுக்கிமானி,
கறையான் ஓரம் தின்ற கொப்பி.

"உதவி வைத்தியர் ஹோல்டன் அருமைநாயகம், 1911.
வடபகுதிச் சனங்களின் மூக்கு."

அகலத்தை உயரத்தால் வகுத்து
நூறால் பெருக்க
ஆள் வருவார்.
எழுபதுக்குக் கீழே போனால் ஆரியச் சாயல்.
எண்பத்தைந்தைத் தாண்டினால்
அவர் எழுதிய சொல்லை
நான் இங்கே எழுதப்போவதில்லை.

இலக்கம் 41. பூதன். கைதடி. மரம் ஏறுபவன்.
அகலம் 40, உயரம் 47.
எண்பத்தைந்து தசம் ஒன்று.
வெற்றிலைக்கு இரண்டு சதம் கொடுத்தது.
ஓரத்தில் சின்னதாய்: "அளக்கையில் சிரித்தான்."

சிரித்தால் மூக்கு விரியும்.
வைத்தியருக்குத் தெரியாதா?

ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கும் தெரிந்தது இன்னொன்று:
அளக்க முதல் தாடைகளை மூடிப் பார்.
மூடினேன்.
ஒன்றுமே இல்லாத இடத்துக்கு
இரண்டு மில்லிமீற்றர் காட்டியது.

பாவம், மனுசன் கவனிக்கவில்லை என்று
கடைசிப் பக்கம் வரைக்கும் நினைத்தேன்.

கடைசிப் பக்கம் அவருடைய சொந்த மூக்கு.
35, 50. சரியாக எழுபது.
கீழே வேறு மையில்:
"பூச்சிய வழு கழிக்க 33, 48.
அறுபத்தெட்டு தசம் ஏழு ஐந்து."

பூதனுக்கும் கழித்துப் பார்த்தேன்.
38, 45.
எண்பத்துநான்கு தசம் நாலு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்
என்று சந்தோசப்பட்ட பிறகுதான்
கை கூசியது.
யார் போட்ட கோட்டுக்கு
நான் ஆளை இழுத்துக்கொண்டிருக்கிறேன்?

நாலு மணிக்கு, தேத்தண்ணியோடு,
கணக்காய்வுக்கு வந்த ஐயா கேட்டார்:
"தங்கச்சி எந்த ஊர்?"
"கைதடி."
"கைதடியிலை எந்தப் பக்கம்?"
"றோட்டுக்கு வடக்காலை."
"ஓ... எந்தக் கோயிலடி?"

நல்ல மனுசன். குரலில் ஒரு கடுமையும் இல்லை.
கையில் பிஸ்கற் மட்டும்தான்.
என் முகத்தைக்கூட
நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தேத்தண்ணி ஆறுது ஐயா" என்றேன்.

பிறகு பதிவேட்டை இழுத்து எழுதினேன்.
பொருள்: இடுக்கிமானி, பித்தளை.
எண்ணிக்கை: ஒன்று.
நிலை:

பழுது என்று எழுதத்தான் பேனையைக் குனித்தேன்.
எழுதியது, பாவனையில்.