கடல் வருது

முழங்காலுக்குள் குழாய் விட்டு
அரிசிமணியளவு ஆறு துண்டு எடுத்தார்கள்.
விறைக்க ஊசி போட்டிருந்தது.
இழுபடுவது மட்டும் தெரிந்தது;
பிறகு ஐஸ்பெட்டி மூடுகிற சத்தம்.

"மூட்டுச் சவ்வு" என்றார் டொக்டர் நுஸ்கி.
"வெங்காயத் தோல்போல மெல்லிசா இருக்கவேணும்.
உங்கட, பாசி பிடிச்ச மாதிரித் தடிச்சுப்போச்சு."

பதினேழு வருசமாய் மீட்டர் வாசிக்கிறேன்,
கல்லடி, நொச்சிமுனை, நாவலடி.
வெளிநாட்டுக்காரரின் பூட்டிய வீட்டில்
தட்டுத் தன்பாட்டில் சுற்றுவதைக் கண்டிருக்கிறேன்.
கேற்றில் துருப்பிடித்த பூட்டு,
உள்ளே ஏதோ ஒன்று
இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும்.
ஒழுக்கு என்று எழுதிவிட்டு
அடுத்த படலைக்கு நடப்பேன்.
நடந்தேன், போன மாரிவரைக்கும்.

"கிருமி இல்ல, காயமும் இல்ல.
செய்திதான் பிழை.
ஒரு கலம் மற்றதுக்குச் சொல்லுது,
அது இன்னும் நாலு பேரைக் கூப்பிடுது."
செய்திகளுக்குப் பேரும் உண்டாம்.
டிஎன்எஃப். இன்டர்லூக்கின் ஆறு. பதினேழு.
பஸ் நம்பர்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுனாமிக்கு அடுத்த வருசம் ஒரு மத்தியானம்
யாரோ கத்தினான்: கடல் வருது.
குக்கர் மூடியைக் கையில் பிடித்தபடி
கல்லடிப் பாலத்தில் ஓடினேன்.
ஏன் மூடி, இன்றைக்கும் தெரியாது.
கடல் வரவில்லை.
கிடந்த இடத்திலேயே கிடந்தது.
வேலிகளை முறித்தது நாங்கள்.
தவேந்திரனின் சின்னவன் விழ,
அவன் கையில் ஏறி ஓடியதும் நாங்கள்தான்.
எலும்பு இரண்டாய்.

முதலில் கத்தினவனை
அடிக்கத் தேடினார்கள்.
நான் போகவில்லை.
ஒருதரம் மெய்யாய் வந்த கடல் அல்லவா,
லொறிச் சத்தமும் அவனுக்கு அலைதான்.

டொக்டரிடம் இதைச் சொல்லவில்லை.
வெளியே ஆட்கள் நிறைய.

இப்போது விடிய எழும்ப ஒரு மணித்தியாலம்.
சப்பாத்துக் கயிற்றை யசோமலர் கட்டிவிடுகிறாள்,
ஏதும் பேசாமல், கொஞ்சம் இறுக்கி.
பிரிட்ஜில் கணவாய்க்குப் பக்கத்தில்
என் ஊசிமருந்து.
அது செய்தியை வழியில் மறிக்குமாம்;
கத்துகிறவனை ஒன்றும் செய்யாதாம்.

இரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது.
பழக்கம், என்ன செய்ய:
இந்த மாத இலக்கத்திலிருந்து
போன மாதத்தைக் கழித்துப் பார்த்தேன்.
கொஞ்சம் குறைந்திருக்கிறது.
பில் கட்டுமளவு இல்லை.

இராவில் காலில் கைவைத்தால்
வெயிலில் கிடந்த கல்லின் சூடு.
"வரேல்ல" என்கிறேன் அதனிடம்,
"போய்ப் பார்த்திட்டுத்தான் வாறன், வரேல்ல."
நம்புவதாய்க் காணோம்.

அந்த ஆறு அரிசிமணியும்
ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டிக்குள்,
மைனஸ் எண்பதில்,
வாய் திறந்தபடி உறைந்து கிடக்கும்.
அந்தப் பெட்டிக்கும் எங்கேயோ
ஒரு மீட்டர் சுற்றுகிறது.
அது என்னுடைய ரூட் இல்லை.