வலது கை

திறந்த ஜீப்பை ஓட்டுவது நான்.
பின்னால் ஆன்சி மெர்லின்,
கழுத்தில் பதக்கம், சால்வைமேல் சால்வை.
வடசேரியில் சிங்காரி மேளம்.
மணிமேடையில் மேயர் மாலை.
ஃப்ளெக்ஸில் பெயர் ‘ஆன்றி’ என்று.

வேப்பமூட்டில் அத்தனை பேரும்
அவள் வலது கையைத்தான் குலுக்குகிறார்கள்.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
ஒவ்வொரு குலுக்கலுக்கும்
சிரிப்பு கொஞ்சம் கடிபடுகிறது.
அரையிறுதியிலேயே விரல்முட்டு விரிந்துவிட்டது.
மேடையில் யாரும் சொல்லவில்லை.

அந்தக் கை எனக்குத் தெரியும்.
குளச்சல் ஐஸ் கம்பெனி மாடியில்
ஆறு வருடம்
என் மூக்கில் பழகியது.

செட்டிக்குளம் திரும்பும்போது ஒருவர்
எட்டிப் பார்த்துக் கேட்டார்:
“டிரைவரு, நீரு ஆரு?”
பதில் வருமுன்
இடது கையால் என் பிடரியில் ஒரு தட்டு.
“கைய எறக்காத மக்கா.”

ஸ்டியரிங்கை விட்டு
இரண்டு கையும் முகத்துக்கு ஏறிவிட்டன.
ஜீப் ஒரு நொடி
தானாகவே ஓடியது.