இரைகிறது, சுற்றவில்லை

சுவிட்சைப் போட்டால் ம்ம்ம் என்கிறது.
அவ்வளவுதான். வாள்வட்டம் அசையவில்லை.
மூன்று எண்ணுவதற்குள் அணைத்துவிடுகிறேன்.
நான்கு எண்ணினால் வார்னிஷ் வாசம்,
ஐந்துக்குப் புகை.

ரப்பர் மரங்கள் இலை கொட்டி முடித்துவிட்டன.
துளிருக்கு இன்னும் இருபது நாள்,
துளிர் விட்டால் தேன்.
அதற்குள் அருமனை ததேயுசுக்கு நாற்பது தேன்பெட்டி.
முன்பணம் வாங்கியாயிற்று, செலவும் ஆயிற்று.
முடிந்தது பதினொன்று.
மீதி, அயினிப் பலகைகளாய்ச்
சுவரில் சாய்ந்து நிற்கிறது.

"வோல்ட்டேஜ் கொறவா இருக்கும் பிள்ளே,
இந்த நேரம் எல்லாவனும் மோட்டரு போடுவான்லா"
என்றான் றசல்.
மீட்டரில் இருநூற்றுப் பதினெட்டு.
இருந்தாலும் ஒயரை உரித்துப் புதிதாய் முறுக்கினான்.
ம்ம்ம்.

பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன்.
வெறும் புல்லியில் கயிற்றைச் சுற்றி,
சுவிட்சைப் போட்டு ஒரே இழுப்பு,
பம்பரத்துக்கு இழுப்பதுபோல.
ஓடியது!
இடப்பக்கம் இழுத்தால் இடம்,
வலப்பக்கம் இழுத்தால் வலம்.
யார் முதலில் தள்ளுகிறாரோ அவர் பக்கம் போகும்,
சொந்தமாய்த் தொடங்கத் தெரியாது.
எங்கள் சபைக் கமிட்டியில் இரண்டு பேர் இப்படி உண்டு.

வெட்டுமணி கடைக்காரர் ஃபோனிலேயே தீர்ப்புச் சொன்னார்:
கெப்பாசிட்டர். இருநூற்று எண்பது ரூபாய்.
றசல் பைக்கில் போய் வாங்கி வந்தான்.
பழையதின் இரண்டு கால்களையும்
திருப்புளியால் தொட்டான்,
டப்பென்று நீலப்பொறி.
இவ்வளவு உயிரோடு இருப்பதையா மாற்றுகிறோம்
என்று நான் கேட்கவில்லை. மாற்றினோம்.
ம்ம்ம்.

இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
ராணி செத்த பெட்டியின் மூடியைத் திறந்தால்
இதே இரைச்சல்தான்.
ஈ இருக்கும், அடை இருக்கும், தேன்கூட இருக்கும்,
எல்லாம் ஒரே இடத்தில் கிடந்து முனகும்.
அதற்குச் சீனித்தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.
அடை அடையாய் எடுத்துப் பார்க்கவேண்டும்.

பின்மூடிக்கு நாலு போல்ட்.
மூன்று வந்தன.
நாலாவது, சுத்தியலும்
ஞாயிற்றுக்கிழமை சொல்லக்கூடாத ஒரு வார்த்தையும் கேட்டது.
விரிகோடு கேட்டை ரயில் கடக்கும்போது
மூடி என் மடியில் விழுந்தது.

உள்ளே தண்டின் நுனிக்குப் பக்கத்தில்
மிளகளவு இரண்டு செம்புக் குமிழ்கள்.
நிற்கும்போது ஒட்டியிருக்க வேண்டும்,
வேகம் பிடித்தால் விலகவேண்டும்.
ஒட்டவில்லை.
நடுவே மஞ்சளாய் ஒரு துவையல்,
அயினித் தூளும் எண்ணெயும் சேர்ந்தது.

"இதுல எவன்லே எண்ணெ விட்டது?"
வேலைக்கு நிற்கும் சுஜின்
கூரையில் ஓடு எண்ணினான், பாவம்.

ஓணம் கழிந்த வாரம் பேரிங் கீச்சிட்டது.
கிரீஸ் டப்பா காலி.
அடுக்களைத் தேங்காயெண்ணெய், அரைக்குப்பி.
கீச்சு அன்றைக்கே நின்றது.
என்னை நானே மெச்சிக்கொண்டு
மத்தியானம் கொஞ்சம் படுத்தேன்.

பெட்ரோல் துணியால் துடைத்தேன்.
உப்புத்தாளை மடித்துக் குமிழ்களுக்கு நடுவே இழுத்தேன்,
செம்பு முகம் காட்டும்வரை.
பெட்ரோல் வாசம் போகட்டுமென்று
முற்றத்தில் நின்று கட்டன்சாயா குடித்தோம்.
ஒருவரும் பேசவில்லை.

பத்தேகாலுக்கு மூடி, போல்ட், பெல்ட், சுவிட்ச்.
ம்—
அதை முடிக்குமுன் எடுத்துக்கொண்டது.
வேகம் ஏறியதும் உள்ளே எங்கோ ஒரு டிக்.
பத்து வருடமாய் அந்த டிக் இருந்திருக்கிறது.
போனபோது எனக்குத் தெரியவில்லை,
வந்தபோதுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மரியசிலுவை
ஜன்னலை ஓங்கிச் சாத்தினார்.
ஒரே ஒரு பலகை அறுத்தோம்,
பன்னிரண்டாம் பெட்டிக்கு அடிப்பலகை.

"அது நாந்தான்" என்றேன்.
றசல் காதிலிருந்து பஞ்சை எடுத்தான்.
"என்னது?"
"நாளைக்குக் கிரீசு வாங்கணும்னு சொன்னேன்."