அடிச்சவங்க எடுக்கணும்

பள்ளிப்பட்டுக்கு வடக்கே மாங்கூழ் ஆலைக் கொட்டகை.
ஆடியில் அரவை முடிந்தால்
டிரம்களை ஓரம் தள்ளித்
தரையைக் கழுவித் தருவார் வாட்ச்மேன் கங்காதரம்.
எவ்வளவு கழுவினாலும்
சிமெண்டில் ஒரு தோத்தாபுரி மிச்சம் இருக்கும்.
உள்ளங்கையில் ஒட்டும்.

நான் ஆறடி ஓர் அங்குலம்.
சோளிங்கர் முதல் புத்தூர் வரை
வாலிபாலில் என் பேர் ‘ஏணி’.
எகிறி அடிப்பதற்கென்றே
காசு கொடுத்துக் கூட்டிப்போவார்கள்.
ஆள் குறைகிறதென்று செங்கல்ராயன் இங்கே இழுத்துவந்த அன்று
வலையைப் பார்த்துச் சிரித்தேன்.
தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.
“உக்காரு” என்றார்கள்.

உட்கார்ந்தேன்.
பந்து வந்தது.
எழுந்தேன்.
“லேச்சினாவு!”
பதினோரு வாய் ஒரே கத்தல்.
அடிக்கையில் பிட்டம் தரையை விட்டால் புள்ளி போச்சு.
முதல் நாள் மட்டும் பதினேழு தடவை போச்சு.

முனிகிருஷ்ணன்
போலியோ வந்த வலது காலைத் துண்டுபோல் மடித்துப் போட்டு
டீ கிளாஸ் கழுவும் கைகளால் தரையைத் தள்ளுவான்,
வழுக்கிக்கொண்டு போவான்,
தண்ணீர் மேல் எண்ணெய்.
என் கால்களோ
சின்ன வீட்டுக்கு வந்த சீதன பீரோ.
நீட்டினால் எதிரணிக்காரன் மடியில்.
மடக்கினால் என் மோவாயில்.

சுவரோரம் செருப்பு வரிசை.
அதன் கடைசியில், ஷூவோடு,
வசந்தலட்சுமியின் இடது கால்.
கழற்றி வைக்க முடிகிறதே என்று எனக்குப் பொறாமை.
ஒருநாள் சொல்லியும் விட்டேன்.
பதில் மூக்கில் வந்து விழுந்தது,
பந்தாக.

நேற்று அவர்கள் இருபத்துநாலு, நாங்கள் இருபத்துமூன்று.
அவள் அடித்த அடி
வலைக்கு மேல், என் கைக்கு மேல்,
ஜன்னல் தாண்டி, மதில் தாண்டி,
எல்லைக்கல்லும் தாண்டி
ஆந்திராவில் விழுந்தது.
பழக்கதோஷம், எழுந்துவிட்டேன்.
எனக்கு அது முப்பது எட்டு.
“கூர்ச்சோ” என்றாள்.
“அடிச்சவங்க எடுக்கணும்.”

நகர்ந்துபோய்க் காலை மாட்டினாள்.
உறை. பட்டை. இன்னொரு பட்டை.
கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு
கரும்புக்குள் மறைந்தாள்.
செங்கல்ராயன் இரண்டு முறை மணி பார்த்தான்.
கங்காதரம் விசிலை வாயில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.
யாரும் பேசவில்லை.
என் தொடை துடித்தது.
சுண்டுவிரல் விண்விண் என்று தெறித்தது.
சும்மா உட்கார்ந்திருப்பதற்கு
இவ்வளவு தெம்பு வேண்டுமா?

பதினோரு நிமிஷம்.
வந்தாள்.
சுடிதார் ஓரமெல்லாம் நாயுருவி.
“ஒரு பையன் பந்தைக் குடுக்கமாட்டேன்னுட்டான்.
நாளைக்கு அவனும் வர்றானாம்.
ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு.
பரவால்ல, வான்னு சொல்லிட்டேன்.”

காலைக் கழற்றிச் செருப்புகளோடு வைத்தாள்.
வலைக்கு வந்தாள்.
“இருவை நாலுகு, இருவை நாலுகு” என்றார் கங்காதரம்.
“எப்படி? ஏணி விரல்ல பட்டுத்தான் வெளிய போச்சு!
செட் எங்களுது!”
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்,
என் கண்ணுக்கு நேர் உயரத்தில்
பதினோரு ஜோடிக் கண்கள்.

பட்டது.
நான் சொல்லவில்லை.